ரைஃபிள் குழல் துடைக்க எந்த ஜாக், எந்தத் துணி?

சிங்கப்பூரின் தெக்கோங் தீவில் பிஎம்டி, அதாவது அடிப்படை ராணுவப் பயிற்சி முடித்த எல்லாருக்கும் துப்பாக்கி துடைக்கத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். கம்பி நுனியில் இருக்கும் ஓட்டையில் ஃபிளானலெட் துணியைக் கோத்து, முகாமை விட்டு வீட்டுக்குக் கிளம்பும் புக் அவுட் அவசரத்தில் முன்னும் பின்னும் இழு இழு என்று இழுப்போம். சார்ஜண்ட், குண்டு உட்காரும் பின்பக்க அறையான சேம்பருக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு "அகெய்ன்" என்பார். அந்தக் கைப்பழக்கத்தோடு போட்டி ரைஃபிளைத் தொட்டால் வம்புதான். கிளப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் மூன்று ஜாக்குகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜாக் என்பது கம்பி நுனியில் திருகி மாட்டும் சின்னத் துண்டு. துணியைக் குழலின் உள்சுவரில் சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் ஒட்டவைப்பது அதன் வேலை. துணி தடிமனா மெல்லிசா என்று தெரியாமல் ஜாக்கை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுப்பது, கால் அளவு பார்க்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

படி 1: காலியா என்று பாருங்கள்

குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். நம் ஊரில் துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறையான ஆர்மரியில்தான் இருக்கும், அதனால் துடைப்பதும் அங்கேயே. வீட்டில் செய்து பழகலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

படி 2: குழலின் அளவு

தொடக்கநிலையில் இரண்டு அளவுகள் தெரிந்தால் போதும்: 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு 4.5 மி.மீ., 50 மீட்டர் ரைஃபிளுக்கு .22 அங்குலம், அதாவது ஏறக்குறைய 5.6 மி.மீ. நம் சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்தில் வாங்கிய இரண்டு தங்கங்களும் இந்த இரண்டில்தான், அளவுக்கு ஒன்று. ராணுவ ரைஃபிளான எஸ்ஏஆர் 21-இன் 5.56 மி.மீ.யும் .22 குடும்பம்தான். ஆனால் ஜாக் வரும் பாக்கெட்டில் .22 என்று போட்டிருந்தாலும் இரண்டு குழலிலும் ஒரே ஜாக் ஒரே இறுக்கத்தில் போகும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஏர் ரைஃபிளுக்குக் கம்பியும் ஜாக்கும் பெரும்பாலும் தேவைப்படாது. நைலான் கயிற்றைக் குழல்வாய் வழியாக விட்டு, பின்பக்கம் வந்த நுனியில் சின்னத் துணியை மாட்டி, முன்பக்கமாக இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஃபெல்ட் உருண்டையும் போடலாம்.

படி 3: ஜாக்கின் வடிவம்

ஊசிமுனை ஜாக், சுற்றுஜாக், ஓட்டை நுனி என்று மூன்று வகை. ஊசிமுனையில் துணியின் நடுவைக் குத்திச் சேம்பர் பக்கமிருந்து தள்ளினால், குழல்வாயைத் தாண்டியதும் அழுக்கோடு துணி விழுந்துவிடும். சுற்றுஜாக்கில் துணியைப் பீடி மாதிரி சுருட்டிவிடுவோம். பார்க்கர்-ஹேல் பாணி என்பது இதைத்தான். துணி கழன்று விழாது, அதனால் முன்னும் பின்னும் தேய்க்கலாம். ராணுவத்தில் பார்த்த ஓட்டை நுனியில் துணி ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் நிற்கும், எடுத்த அழுக்கையே திரும்ப உள்ளே இழுத்துவரும். புதியவர்கள் ஊசிமுனையில் தொடங்குங்கள். கை தவறினாலும் அழுக்கு ஒரே திசையில்தான் போகும்.

படி 4: எந்த உலோகம்

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒருமுறை 7.62 மி.மீ. ஃபுல்போர், அதாவது பெரிய குழல் ரைஃபிள் ஒன்றில் செம்பு கரைக்கும் திரவம் போட்டுத் துடைத்தேன். துணி நீலப்பச்சையாக வந்தது. குண்டின் மேலுறையிலிருந்து ஒட்டிய செம்பு குழலில் இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு துணி, மறுபடி நீலம். ஒரு மணி நேரம், ஒரு கட்டுத் துணி காலி. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் எழுந்து வந்தார். ஒரு புதுத் துணியில் திரவத்தை நனைத்து, குழலுக்குள்ளே விடாமல், என் பித்தளை ஜாக்கில் சுற்றி ஐந்து நிமிஷம் வைத்தார். பிரித்தால் அதே நீலம்! பித்தளையில் பெரும்பங்கு செம்புதானே. குழல் எப்போதோ சுத்தமாகிவிட்டது, நான் ஜாக்கைத்தான் கரைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே செம்பு கரைப்பான் போடுவதாக இருந்தால் நிக்கல் பூசியதோ அலுமினியமோ வாங்குங்கள். .22-க்கு ஈயக் குண்டுதான், மேலே மெழுகு. அங்கே பித்தளை தாராளமாகப் போதும்.

படி 5: மரை

அமெரிக்கக் கம்பிகளில் 8-32 மரை (அங்குலத்துக்கு 32 சுற்று) பரவலாக இருக்கும். 8-36-உம் உண்டு, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஐரோப்பியக் கம்பிகள் வேறு கணக்கு. இரண்டு சுற்றுக்குப் பிறகு விரலால் திருக முடியவில்லை என்றால் நிறுத்துங்கள். பிளையர் எடுத்தால் மரை போச்சு.

படி 6: துணி

பருத்தி ஃபிளானல்தான் சரி, இருபக்கமும் பஞ்சு எழுந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. சிக்கனம் பார்த்து அப்பாவின் பழைய வேட்டியை வெட்டிப் பார்த்தவன் நான். திரவத்தைக் குடிக்காது, நூல் உள்ளே உதிரும். ரெடிமேட் வேண்டாமென்றால் அரபு ஸ்ட்ரீட் துணிக்கடைகளில் ஃபிளானல் கேட்டு வாங்கி, துவைத்துக் காயவைத்து, .22-க்கு 30 மி.மீ. சதுரமாக வெட்டுங்கள். அங்கிருந்து இரண்டிரண்டு மி.மீ.யாகக் குறைத்துக்கொண்டே வரலாம்.

படி 7: கை சொல்லும் கணக்கு

முதலில் வெறும் ஜாக்கை உள்ளே விடுங்கள். எங்கும் இடிக்காமல் போகவேண்டும். பிறகு நனைத்த துணியோடு. உள்ளங்கையால் சீராகத் தள்ளும்போது ஒரு எதிர்ப்பு தெரியவேண்டும், நின்றுவிடக் கூடாது. வழுக்கிக்கொண்டு போனால் துணி சின்னது. கம்பி வில்லாக வளைந்தால் துணி பெரியது. வளைந்த கம்பி குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகளில் உரசும், அதனால் தட்டித் தள்ளாமல் வந்த வழியே பின்னால் எடுங்கள். வெளியே வந்த துணியையும் விரித்துப் பாருங்கள். அழுக்கு வரிவரியாக, சுற்றிலும் சமமாகப் பதிந்திருந்தால் ஜோடி சரி. ஒரு பக்கம் மட்டும் கறுப்பு என்றால் குத்திய இடம் நடுவில் இல்லை.

படி 8: தள்ளும் முறை

சேம்பர் பக்கம் போர் கைடு (கம்பியைக் குழலின் நடுவில் நிறுத்தும் குழாய்) மாட்டி, அங்கிருந்து குழல்வாயை நோக்கி மட்டும் தள்ளுங்கள். துணி விழுந்ததும் வெறும் ஜாக்கை மெதுவாகத் திரும்ப இழுங்கள். குழல்வாயின் விளிம்பு கீறினால் குண்டின் போக்கே மாறும், அவசரம் காட்டக் கூடாத இடம் அது.

நனைத்த துணி இரண்டு, சில நிமிஷக் காத்திருப்பு, பிறகு காய்ந்த துணி வெளுத்து வரும்வரை. கடைசியாக லேசாக எண்ணெய் தொட்ட துணி ஒன்று. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும் ஊர் இது, எண்ணெய் விடாமல் வைத்தால் துருதான். அடுத்த முறை சுடுவதற்கு முன் மறக்காமல் ஒரு காய்ந்த துணி. .22-இல் அதற்குப் பிறகும் முதல் சில குண்டுகள் தள்ளித்தான் விழும், குறிபார்க்கும் சைட்டைத் திருகிவிடாதீர்கள்.