வீட்டுப் பிள்ளைகளுக்கு மூங்கில் வில் பழக்குவது எப்படி?

பிள்ளைக்கு வில் மேல் ஆசை வரவேண்டும் என்றால் முதலில் நீங்கள் வில்லை எடுக்க வேண்டும். வகுப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்தால் அதுவும் இன்னொரு டியூஷன், அவ்வளவுதான். மேகாலயாவின் காசி பழங்குடி மக்கள் ஆண் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதே பக்கத்தில் வில்லும் மூன்று அம்பும் வைப்பார்கள். ராஜஸ்தான் பழங்குடிக் குடும்பத்தில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம் 1988-இல் தொடங்கி மூன்று ஒலிம்பிக்கில் ஆடினார். நமக்கு அவ்வளவு வேண்டாம், ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் போதும்.

1. எந்தக் கண் என்று பாருங்கள்

இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண இடைவெளி விட்டு, இரு கண்ணும் திறந்தபடி தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை அதற்குள் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே பார்த்தபடி கையை மெதுவாக முகத்துக்குக் கொண்டுவந்தால், இடைவெளி எந்தக் கண்ணுக்கு வருகிறதோ அதுதான் ஓங்கிய கண், அதாவது குறிபார்க்க முந்தி நிற்கும் கண். வலது கண் என்றால் இடது கையில் வில், வலது கையால் நாண்.

2. வில்லும் அம்பும்

பத்து வயசுப் பிள்ளைக்கு 10 முதல் 15 பவுண்டு இழுவிசை உள்ள வில் போதும். “வளர்ந்துடுவான், பெரிசாவே வாங்கிடலாம்” என்பது செருப்புக்குச் சரி, வில்லுக்கு ஆகாது. இழுக்க முடியாத வில்லோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைக்குத் தோள் வலி வரும், ஆசை போய்விடும்.

அம்பின் நீளத்தில் சமரசமே கூடாது. அம்பின் பின்முனையை நெஞ்சுக்குழியில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அம்பைப் பிடித்தபடி கைகளை முன்னால் நீட்டட்டும். விரல் நுனியைத் தாண்டி இரண்டு அங்குலமாவது அம்பு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் இழுக்கும்போது அம்பு முனை வில்லைத் தாண்டிப் பின்னால் வந்து கையிலேயே பாய்ந்துவிடும். முன்கையில் நாண் அடிக்காமல் காக்கும் ஆர்ம் கார்டு, நாண் இழுக்கும் விரல்களுக்கு உறைபோல ஃபிங்கர் டேப் (finger tab), இரண்டும் கட்டாயம்.

3. இடம்

சாக்கில் பழைய துணியை இறுக்கித் திணித்தால் இலக்கு தயார். அதற்குப் பின்னால் மண்மேடோ ஆளுயரத்துக்கு மேல் சுவரோ இருக்கட்டும், யாரும் நடமாடும் வழியாக இருக்கக் கூடாது. முதல் நாள் ஐந்து மீட்டர் தூரம், அதற்கு மேல் வேண்டாம்.

எய்பவர் நிற்கும் கோட்டைத் தாண்டி யாரும் முன்னால் நிற்கக் கூடாது. எல்லோரும் வில்லைக் கீழே வைத்த பிறகுதான் அம்பு எடுக்கப் போக வேண்டும். இது தாத்தாவுக்கும் சேர்த்துத்தான்.

4. எய்வது

பக்கவாட்டில் நின்று, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து வைக்கட்டும். ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிர விரலும் கீழே. இங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் அம்பின் வாலை விரல்களால் நசுக்கிப் பிடிப்பார்கள். இழுக்க இழுக்க அம்பு வில்லை விட்டு விலகி நழுவிக் கீழே விழும், அவர்களும் “வில் சரியில்லப்பா” என்பார்கள். ஆள்காட்டி விரலுக்கும் அம்புக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு, நாணை விரலின் முதல் கணுவில் கொக்கிபோல மாட்டச் சொன்னால் தீர்ந்தது.

வாயோரம் வரை இழுத்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விரல் தொட்ட பிறகு விட வேண்டும். வில் பிடித்த கையின் முழங்கை உட்பக்கம் வானத்தைப் பார்த்தால் நாண் முன்கையில் சுளீரென்று அடிக்கும், சற்றே திருப்பி வையுங்கள்.

அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசையெல்லாம் வில்லுக்கே திரும்பி மூங்கில் பிளந்துவிடும்.

5. ஆசை குறையாமல் இருக்க

முதல் சில வாரம் புள்ளி எண்ணாதீர்கள், வெறும் சாக்குதான். அப்புறம் பலூன் கட்டுங்கள், மாறி மாறி எய்யுங்கள், நீங்கள் தவறவிட்டால் பிள்ளை சிரிக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு திருத்தம்தான் சொல்லலாம், காலையும் கையையும் தலையையும் ஒன்றாகத் திருத்தினால் பிள்ளைக்கு எதுவும் ஏறாது. “இன்னும் ரெண்டு அம்புப்பா” என்று கேட்கும்போதே நிறுத்துங்கள்.

முடித்ததும் நாணைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் வில்லை மாட்டிவையுங்கள். நாணேற்றியபடியே விட்டால் மூங்கில் வளைந்து விசை குறையும். அம்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவி மெல்ல வளைத்துப் பார்த்து, கீறல் தெரிந்தால் உடனே உடைத்துப் போட்டுவிடுங்கள்.