பற்றீரியாவைத் தாக்கும் வைரசுக்கு அளவு பிசகாத மாதிரி செய்தல்

உயர்தர உயிரியல் வகுப்பில் ரீ4 வைரசின் மாதிரியைச் செய்து வரச் சொன்னால், மாணவர் பலரும் தலையைச் சிறிதாக்கிக் கால்களைச் சிலந்திக் கால்களைப் போல வளைத்துக் கொண்டுவருகின்றனர். ஹட்டனில் நான் கற்பிக்கும் மாணவர்க்கு அதனால் ஒரேயோர் அளவுத்திட்டத்தையே விதித்திருக்கிறேன்: ஒரு நனோமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர். கீழே வரும் அளவுகள் அனைத்தும் மில்லிமீற்றரில் அமைந்தவை.

தலை ஏறத்தாழ 120 உயரமும் 86 அகலமும் உடைய, சற்றே நீண்ட இருபது முகக் கூடு. பிரிஸ்டல் மட்டையில், பக்கம் 50 உள்ள சமபக்க முக்கோணிகள் பத்தையும், அடி 50, மற்றைய இரு பக்கங்கள் 72 உள்ள இருசமபக்க முக்கோணிகள் பத்தையும் ஒட்டுமடிப்பு விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். இருசமபக்க முக்கோணிகளை ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது தலைகீழாகவும் வருமாறு ஒட்டி வளையமாக்கினால் நடுப்பகுதி ஆயிற்று; மேலும் கீழும் ஐந்தைந்து சமபக்க முக்கோணிகள் கூம்பாக மூடும். ஆனி, ஆடி மழையில் எங்கள் ஊரில் மாப்பசை எளிதில் காயாது என்பதால், அடுப்பங்கரையில் தொங்கவிட்டு உலர்த்துவது நல்லது.

கீழ்க்கூம்பை மூடுமுன் டீ.என்.ஏ.யை உள்ளே வைக்க வேண்டும். ரீ4 இல் ஏறத்தாழ 1,69,000 மூலச் சோடிகள், அதாவது டீ.என்.ஏ. ஏணியின் படிகள், உள்ளன. நீட்டினால் 57 மைக்ரோமீற்றர். நமது அளவில் அது 2 மில்லிமீற்றர் தடிப்பும் 57 மீற்றர் நீளமும் உள்ள கயிறு! கண்டபடி திணிப்பவர் பாதியிலேயே கைவிடுகின்றனர். இறுக்கமான பந்தாகச் சுற்றுபவருக்கே முழுவதும் அடங்குகிறது. வைரசிலோ, தலையின் வாயிலில் அமரும் புரத மோட்டர் ஒன்று கலத்தின் ஆற்றல் மூலக்கூறான ஏ.ரி.பி.யைச் செலவிட்டு இந்த இழையை உள்ளே தள்ளுகிறது.

தலையின் கீழ்முனையில் ஐந்து முகங்கள் சந்திக்கின்றன. வாலோ ஆறு மடிச் சமச்சீர் உடையது, அதாவது ஆறிலொரு சுற்றுத் திருப்பினாலும் முன்போலவே தோன்றும். ஐந்தும் ஆறும் பொருந்தாத இந்த இடத்தைப் படங்கள் மறைத்துவிடுகின்றன. ஒரு மட்டை வட்டத்தைக் கழுத்தாக ஒட்டி, அதன் நடுவே 10 விட்டமும் 100 நீளமும் உள்ள பேனாக் குழாயை இறுக்குங்கள். வாலின் உறையில் ஆறு ஆறு புரதங்களாக 23 வளையங்கள் உள்ளன. ஆகவே மெல்லிய கட்டுக்கம்பியை விளக்குமாற்றுத் தடியில் 23 முறை சுற்றி, 93 நீளத்துக்கு இழுத்து, குழாய்மேல் செருகுங்கள்.

சுருளின் மேல்முனையைக் கழுத்தோடும், கீழ்முனையை 52 அகலமுள்ள அறுகோண அடித்தட்டோடும் கட்டுங்கள். தட்டின் நடுவே குழாய் தடையின்றி நழுவுமளவு துளை இருக்க வேண்டும். அடித்தட்டின் ஆறு மூலைகளிலும் 145 நீளமுள்ள கால்களைப் பொருத்துங்கள். உடைந்த குடைகளுக்கு மலையகத்தில் பஞ்சமில்லை. அவற்றின் கம்பியை நறுக்கி நடுவில் முழங்காலாக மடித்தால் போதும். இவை நடப்பதற்கான கால்கள் அல்ல, பற்றீரியாவின் மேற்பரப்பை அடையாளங்கண்டு பற்றும் இழைகள்.

அடித்தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுருள் 42 ஆகும்வரை தலையை அழுத்துங்கள். சுருங்காத குழாய் தட்டைத் துளைத்து ஏறத்தாழ 50 வெளியே நீளும், டீ.என்.ஏ. செல்லும் பாதை அதுவே. நம் மாதிரியில் கை அழுத்துகிறது. வைரசின் உறையோ, ஏற்கெனவே தன்னுள் தேங்கியுள்ள ஆற்றலால் தானே சுருங்குகிறது.

மாதிரி முடிந்தபின், லயக் காம்பராவின் தரையில் 2 மீற்றர் நீளத்துக்கு ரீ4 தாக்கும் ஈ.கோலை பற்றீரியா ஒன்றைச் சோக்கால் வரைந்து, அதன்மேல் இதை நிறுத்திப் பாருங்கள். இடமிருந்தால் அருகிலேயே 90 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு கயிற்றுத் துண்டையும் கிடத்தலாம்: தலையும் வாலும் இல்லாத எம்13 என்னும் இழை வைரசின் நீளம் அவ்வளவே.