குறட்டை விடுற பிள்ளையை "குழப்படி" எண்டு எழுதுறதுக்கு முதல்

புது நியமனம் கிடைச்சு ரீச்சர்மார் வன்னிக்கு வரேக்க எனக்கு சந்தோசம்தான், துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கமெல்லாம் சின்ன வகுப்புகளுக்கு எவ்வளவு ஆக்கள் வந்தாலும் காணாது. ஆனா அந்தத் தங்கச்சிமார் தம்பிமார் வந்து ஒரு தவணை முடியமுதலே, நாங்கள் அந்தக் காலத்தில விட்ட பிழையளையே அப்பிடியே திருப்பி விடுறதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாமக் கிடக்கு. அடிக்கக் கூடாது, விடியச் சாப்பிட்டு வந்ததோ எண்டு கேக்கோணும், கண் காது சரியோ எண்டு பாக்கோணும், இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலயே சொல்லியிருப்பினம். அதை விட்டிட்டு, ஒருத்தரும் கேக்காத விசயத்துக்கு வாறன். அந்தப் பிள்ளை இரவில எப்பிடி மூச்சு விடுது?

குறட்டை எண்டா நல்ல நித்திரை எண்டு நினைக்கிறது

எங்கட ஊரில அம்மம்மாமார் பெருமையாச் சொல்லுவினம், "பிள்ளை அடிச்சுப் போட்ட மாதிரி நித்திரை, குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேக்கும்" எண்டு. தடிமன் பிடிச்ச நேரம் நாலு நாள் குறட்டை விட்டா அது பரவாயில்லை. கிழமையில மூண்டு நாலு இரவுக்கு மேல, தடிமன் இல்லாமலே விட்டா அதைப் பாக்கத்தான் வேணும். நூறு பிள்ளையளை எடுத்தா பத்துப் பேரளவில வழக்கமாக் குறட்டை விடுறவை, அதுக்குள்ள ஒண்டிலிருந்து அஞ்சு பேருக்கு நித்திரையில மூச்சு அடைபடுற வருத்தமே இருக்கும். 2 வயசில இருந்து 8 வயசு வரைக்கும்தான் இது கூட, ஏனெண்டா அந்த வயசிலதான் தொண்டையில இருக்கிற ரொன்சிலும் மூக்குக்குப் பின்னால இருக்கிற அடினொயிட் சதையும் மூச்சுப்பாதையின்ர அளவோட பாக்கேக்க பெருசா இருக்கும். அதாவது எங்கட முன்பள்ளி, முதலாம் ரெண்டாம் வகுப்புப் பிள்ளையள்.

"குழப்படி" எண்டு முடிவு கட்டுறது

இதிலதான் எனக்கு இண்டைக்கும் கோவம் வாறது.

பெரியாக்களுக்கு இரவு நித்திரை கெட்டா பகலில தூங்கி விழுவினம், அதால நாங்களும் நித்திரை குறைஞ்ச பிள்ளை எண்டா மேசையில தலையை வைச்சுப் படுக்கும் எண்டு எதிர்பாக்கிறம். சில பிள்ளையள் அப்பிடித்தான். கனபேர் அப்பிடி இல்லை. அவை துள்ளுவினம், பக்கத்துப் பிள்ளையை நுள்ளுவினம், இருந்த இடத்தில இருக்க மாட்டினம், ஒண்டுமில்லாததுக்குக் கத்துவினம், சொன்னது ஒரு நிமிசத்தில மறந்துபோகும். நித்திரை வரேக்க தொண்டைத் தசை தளரும், அங்க ஏற்கெனவே சதை வளந்து பாதை ஒடுங்கிக் கிடந்தா மூச்சு அடைபடும், ரத்தத்தில ஒட்சிசன் இறங்கும், உடன மூளை திடுக்கிட்டுப் பிள்ளையை அரைகுறையா எழுப்பி மூச்சை எடுக்கப் பண்ணும், திரும்பப் படுத்தா திரும்ப அடைபடும். இரவு முழுக்க இதுதான் நடக்குது, விடியப் பிள்ளைக்கு ஒண்டும் ஞாபகம் இருக்காது. ஒன்பது மணித்தியாலம் படுத்தது எண்டு தாய் சொல்லுறதும் உண்மைதான், ஆனா அந்த மூளை ஆறி இருக்கேல்ல. கவனத்தையும் கோவத்தையும் பிடிச்சு வைக்கிற பகுதிதான் முதல்ல களைக்குது.

ஒரு பள்ளிக்கூடத்தில மூண்டாம் வகுப்பில ஒரு பெடியன் இருந்தவன். ரெண்டாம் பாடத்தோட கதிரையில நிக்க மாட்டான், மூண்டாம் பாடத்தில அழுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. அவன்ர பதிவில "கவனமில்லை, குழப்படி, வீட்டில கவனிப்பில்லை" எண்டு எழுதிப்போட்டு கடைசி வாங்கில இருத்தியிருந்தது. தாயை அடிக்கடி கூப்பிட்டு நிக்க வைச்சுப் பேசினவை, அந்த மனிசி கச்சான் தோட்டத்தில கூலிக்குப் போறவா, ஒவ்வொருக்கா கூப்பிடேக்கயும் ஒரு நாள் சம்பளம் போகும். ஒருநாள் வகுப்பில சோக்குப் பெட்டி விழுந்து எல்லாம் உடைஞ்சுபோச்சு, ஆர் தட்டினது எண்டு கேட்டதுதான், அவன் கடைசி வாங்கில நிண்டுகொண்டு "நான்தான் ரீச்சர்" எண்டான். அவன் அந்தப் பக்கமே போகேல்ல.

அம்மம்மா ஒருக்கா கூப்பிட வந்த நேரம் மரத்துக்குக் கீழ வைச்சு இரவு எப்பிடி எண்டு கேட்டன். "நல்ல நித்திரை பிள்ளை, அப்பப்பா மாதிரிக் குறட்டை, இடைக்கிடை சத்தம் நிண்டுபோகும், பேந்து ஏங்கிக்கொண்டு துள்ளுவான், தலையணை எல்லாம் வேர்வை, இன்னும் பாயில மூத்திரம் போறான்" எண்டு ஒண்டொண்டாச் சொன்னா. அவ்வளவும் அவாக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் கேக்கேல்ல.

பேந்து ஆஸ்பத்திரியில டொக்டர் வாயைத் திறந்து பாத்தா ரெண்டு ரொன்சிலும் ஒண்டோட ஒண்டு முட்டுற அளவில கிடந்தது. கிளினிக், துண்டு, திகதி, பேந்து ரொன்சில் எடுக்கிற ஒபரேசன். இதுக்குள்ள அவன்ர முதலாம் ரெண்டாம் மூண்டாம் வகுப்பு போட்டுது, வாசிக்கப் பழகுற வருசங்கள். அந்தப் பதிவை வாசிச்சுப்போட்டு நாலாம் வகுப்பு ரீச்சர் பிள்ளையைப் பாக்க முதலே முடிவெடுத்திருந்தா.

இது புதுசாக் கண்டுபிடிச்ச விசயமும் இல்லை. 1889 இலயே வில்லியம் ஹில் எண்ட டொக்டர் மூக்கடைப்புக்கும் பிள்ளையள் படிப்பில பின்தங்கிறதுக்கும் இருக்கிற தொடர்பைப் பற்றி பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில எழுதிப்போட்டார். 1998 இல அமெரிக்காவில டேவிட் கோசல் எண்டவர், வகுப்பில ஆகக் கடைசிப் பத்து வீதத்தில இருந்த முதலாம் வகுப்புப் பிள்ளையள் 297 பேரைப் பாத்தார், அதில 54 பேருக்கு இரவு மூச்சில பிரச்சினை இருந்தது. ஒபரேசன் செய்த பிள்ளையளின்ர புள்ளி அடுத்த வருசம் ஏறினது, தாய்தகப்பன் வைத்தியம் வேண்டாம் எண்ட பிள்ளையளின்ர புள்ளி அப்பிடியே நிண்டது. கடைசி வாங்கில இருக்கிறவையில கிட்டத்தட்ட அஞ்சில ஒராள். உங்கட வகுப்பின்ர கடைசி வாங்கை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ.

இப்ப வாறவை "குழப்படி" எண்டு எழுதாம "ஏடிஎச்டி", அதாவது கவனக்குறைவும் துடியாட்டமும் கூடின வருத்தம், எண்டு எழுதினம். அதுவும் அதே பிழைதான். ஏடிஎச்டி உண்மையா இருக்கிற பிள்ளையளும் இருக்கினம், ஆனா அதைச் சொல்ல வேண்டியது டொக்டர். நீங்கள் கண்டதை எழுதுங்கோ, பேர் வைக்காதேங்கோ.

எல்லாத்தையும் யுத்தத்தில போடுறது

வெளியில இருந்து வாறவை வன்னிப் பிள்ளை எண்டோடன "மனப்பாதிப்பு" எண்டு சொல்லிப்போட்டு விட்டிடுவினம். 2009 இல நடந்தது எங்கட வீடுகளுக்குள்ள இன்னும் கிடக்கு, தாய்தகப்பனுக்கு இரவில நித்திரை இல்லை, அது பிள்ளையிலயும் தட்டும், அதை நான் மறுக்கேல்ல. ஆனா இப்ப முதலாம் வகுப்பில இருக்கிற பிள்ளை அதுக்குக் கன வருசம் பிறகு பிறந்தது. ரொன்சில் வீங்கினதுக்கு கவுன்சிலிங் குடுத்து ஒரு வருசம் போக்காட்டக் கூடாது.

விடிய நாலு மணிக்கு எழுப்பிப் படிப்பிக்கச் சொல்லுறது

6 இலிருந்து 12 வயசுப் பிள்ளைக்கு 9 இலிருந்து 12 மணித்தியால நித்திரை வேணும். அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அதே கணக்குத்தான்.

நித்திரைக்கு எண்டு தடிமன் குளிசை

டொக்டர் சொல்லாமக் குடுக்க வேண்டாம் எண்டு தாய்மாருக்குச் சொல்லுங்கோ.

"மூக்கடைப்பு" எண்டு மட்டும் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது

ஓபிடியில சனம் நிரம்பி வழியிற நேரம் தாய் போய் "மூக்கடைப்பு" எண்டா மூக்கடைப்புக்கு மருந்து வரும், அதில டொக்டரைக் குறை சொல்ல ஏலாது. பகலில பிள்ளை முழிச்சுக்கொண்டு இருக்கேக்க மூச்சு நல்லாத்தான் இருக்கும். அதால தாய்க்குச் சொல்லுங்கோ, பிள்ளை நித்திரையாகி நல்லா அயர்ந்த பிறகு, சட்டையைக் கழட்டி நெஞ்சு தெரியிற மாதிரி, சத்தமும் கேக்கிற மாதிரி போனில வீடியோ எடுக்கச் சொல்லி. லைற்றைப் போட்டு ஒரு ரெண்டு மூண்டு நிமிசம் காணும். அதோட ஒரு துண்டில நீங்களே எழுதிக் குடுங்கோ: கிழமையில எத்தினை இரவு குறட்டை, மூச்சு நிண்டு ஏங்குதோ, கழுத்தைப் பின்னால மடிச்சுக்கொண்டு படுக்குதோ, வாய் திறந்தபடியோ, வேர்வை, பாயில மூத்திரம், விடியத் தலையிடி, எழுப்பக் கஷ்டமோ, வகுப்பில எப்பிடி. இந்தத் துண்டோட கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கோ முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கோ போற தாய் வேற மாதிரிக் கதைப்பா. பள்ளிக்கூடத்துக்கு மெடிக்கல் பாக்க வரேக்கயும் அந்தப் பிள்ளையளின்ர பேரை முன்னுக்கே குடுங்கோ, வரிசையில அவசரமாப் பல்லையும் கண்ணையும் பாக்கேக்க இது தவறிப்போகும்.

எல்லாருக்கும் ஒபரேசன் எண்டும் இல்லை. தும்மல், மூக்கடைப்பு, தூசு ஒத்துவராத பிள்ளைக்கு மூக்குக்கு அடிக்கிற மருந்தே காணலாம், அரிவி வெட்டி சூடடிக்கிற காலத்தில இது கூட வரும். வீட்டுக்குள்ள சிகரெட், பீடிப் புகை இருந்தா குறட்டை கூடும். நுளம்புத்திரிப் புகையும் மூக்குக்கு நல்லதில்லை, வலை கட்டிப் படுக்கட்டும். நிறை கூடின பிள்ளையளையும், டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளையளையும் குறட்டை பெருசா இல்லாட்டியும் காட்டத்தான் வேணும்.

"வளர வளரச் சரிவரும்"

அடினொயிட் சதை பதின்ம வயசில சுருங்கும்தான். அதுக்கிடையில ஓஎல் சோதினை வந்திடும்.

ஒபரேசனோட எல்லாம் முடிஞ்சுது எண்டு விடுறது

2013 இல அமெரிக்காவில 5 இலிருந்து 9 வயசுப் பிள்ளையள் 464 பேரில பெரிய ஆய்வு ஒண்டு வந்தது. கெதியா ஒபரேசன் செய்த பிள்ளையளுக்கு நித்திரையும் நடத்தையும் நல்லாத் திருந்தினது, ஆனா ஏழு மாதத்தில கவனத்தை அளக்கிற சோதினையில ஒபரேசன் செய்யாமப் பொறுத்திருந்த பிள்ளையளை விடப் பெரிய வித்தியாசம் வரேல்ல. வகுப்பிலயும் நான் காணுறது அதுதான். அந்தப் பெடியன் ஒபரேசனுக்குப் பிறகு அழுறதை விட்டான், கதிரையில இருந்தான், சிரிச்சான். வாசிப்பு தன்பாட்டில வரேல்ல, நாலாம் வகுப்புப் பெடியனுக்கு "அ" வில இருந்து திரும்பத் தொடங்கி, மற்றப் பிள்ளையளுக்கு முன்னால வெக்கப்படாம இருக்க இடைவேளையில இருத்தித்தான் படிப்பிச்சது. முன்வாங்குக்கு எடுங்கோ, பழைய பதிவுக்குக் கீழ ஒபரேசன் நடந்ததையும் இப்ப எப்பிடி இருக்கிறான் எண்டதையும் திகதி போட்டு எழுதுங்கோ. ஒரு மூண்டு மாதம் கழிச்சுத் தாயிட்டத் திரும்பக் கேளுங்கோ. குறட்டை இன்னும் கேட்டா புதுசா ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு அதே கிளினிக்குக்குத்தான் போகோணும்.