மாடியில் ஒரு கூடாரப் பண்டிகை

கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தவிர வேதாகமப் பண்டிகை ஒன்றை வீட்டில் கொண்டாட ஆசையா? கூடாரப் பண்டிகையில் தொடங்குங்கள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கூடாரங்களில் குடியிருந்ததை நினைத்து யூதர்கள் ஏழு நாள் கொண்டாடும் பண்டிகை இது. வேதாகமத்தில் லேவியராகமம் 23 சொல்லும், எபிரெய நாட்காட்டியின் ஏழாம் மாதம் 15-ம் நாள், செப்டம்பர் அல்லது அக்டோபர் பௌர்ணமியை ஒட்டி வரும். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்கு முன் பெரும்பாலும் முடிந்துவிடும், நமக்கு வசதிதான்.

மொட்டை மாடியில் நான்கு சவுக்குக் கழி, மேலே தென்னங்கீற்று. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் இரண்டும் சுலபமாகக் கிடைக்கும். கடற்காற்று தூக்கிவிடாதபடி கழிகளைக் கைப்பிடிச் சுவரோடு இறுக்கிக் கட்டுங்கள். கீற்றை நெருக்கி வேயாதீர்கள். இடைவெளியில் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது யூதர்களின் வழக்கம். ஓலைக்குக் கீழே மெழுகுவர்த்தி வேண்டாம், டார்ச் போதும்.

இரவு உணவை அங்கேயே சாப்பிடுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரை பறந்ததைப் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களைப் பேசச் சொல்லுங்கள். வனாந்தரத்தில் கூடாரங்களில் குடியிருந்த இஸ்ரவேல் ஜனத்தைத் தேவன் காத்த கதை அப்போது பிள்ளைகளுக்கு நிஜமாகப் புரியும்.

உபாகமம் 16-ஐ மறக்கவே கூடாது. பிள்ளைகள், வேலைக்காரர், பரதேசி (அதாவது அந்நியர்), திக்கற்றவர், விதவை எல்லோரோடும் சந்தோஷப்படு என்கிறது அது. என்னைக் கேட்டால் பண்டிகையின் உயிரே இதில்தான் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும், தெருவில் தனியாக இருக்கும் பாட்டியையும் முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.

கடைசி நாளன்று யோவான் 7:37-ஐ வாசியுங்கள். தாகமுள்ளவனை இயேசு அழைத்தது இந்தப் பண்டிகையில்தான்.