ரொறன்ரோவின் பனிக்காலத்தில் சைக்கிளில் வேலைக்குச் சென்றுவருதல்

நவம்பர் பிறந்ததும் ரொறன்ரோவில் சைக்கிள் ஓடுபவர்களில் பெரும்பகுதியினர் தங்கள் வண்டியை நிலக்கீழ் அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் குளிர். டான்போர்த் வீதியின் கிழக்குப் பகுதியிலிருந்து நகர மையத்திலுள்ள வேலைத்தலத்துக்குப் பல பனிக்காலங்களாகச் சைக்கிளில் போய்வரும் நான் கண்டது என்னவென்றால், குளிரை உடையால் சமாளித்துவிடலாம், கவனமும் பணமும் கூடுதலாகத் தேவைப்படுவது வழுக்கலுக்குத்தான். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் சைக்கிள் பழகியவர்களுக்குச் சமநிலை உடம்பில் ஊறியிருக்கும். ஆனால் மணலில் சறுக்கும் சில்லு சற்று இழுபட்டுப் பின்னர் பிடித்துக்கொள்ளும். பனிக்கட்டியில் சறுக்கும் முன்சில்லு அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

ஆகையால் முதற்செலவை ரயரில் செய்யுங்கள். பனிக்கால ரயர்களின் ரப்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு உலோக ஆணிகள் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றின் முனை தங்ஸ்தன் காபைட்டால் ஆனதா என்று கடையில் கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் வெறும் உருக்கு ஆணிகள் பனியில்லாத தார் வீதியில் விரைவில் தேய்ந்துபோகும். இரண்டு சில்லுகளுக்கும் வாங்க வசதியில்லையென்றால் முன்சில்லுக்கு மட்டுமாவது போடுங்கள்: பின்சில்லு சறுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன்சில்லு சறுக்கினால் விழுந்தே தீர வேண்டும். புதிய ரயரைப் போட்டதும் முதல் 40 கிலோமீற்றர் வரை கடுமையாகப் பிறேக் பிடிக்காமலும் வேகமாக வளைக்காமலும் தார் வீதியில் ஓடினால் ஆணிகள் ரப்பரில் நன்றாக இறுகி நிற்கும்.

காற்றின் அளவையும் அடிக்கடி பார்க்க வேண்டும். 20 பாகை வெப்பமுள்ள அறைக்குள் 50 பிஎஸ்ஐ (ரயரின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு அடித்த காற்று, வெளியே −10 பாகையில் ஏறத்தாழ 43 அல்லது 44 ஆகக் குறைந்துவிடும். இளகிய பனியில் சற்றுக் குறைந்த காற்று நல்ல பிடிப்பைத் தரும் என்றாலும், ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கீழெல்லைக்குக் கீழே விட்டுவிடக் கூடாது.

எந்த நாள் ஆபத்தானது என்பதைக் கணிக்கப் பழகுவது அடுத்த வேலை. −15 பாகையில் வறண்டு கிடக்கும் வீதி பெரும்பாலும் நல்ல வீதியாகவே இருக்கும். பகலில் +2 பாகைக்கு ஏறி, உருகிய நீர் வீதியோரம் ஓடி, இரவில் −4 பாகையில் மீண்டும் உறைந்த மறுநாட் காலைதான் உங்களை விழுத்தும். அப்போது தார் மீது படியும் மெல்லிய கண்ணாடிப் பனி வெறும் ஈரம் போலத் தெரியும். மாநகரசபை தூவும் உப்பு, நீரின் உறைநிலையைக் குறைத்து இதைக் கரைக்கும். ஆனால் வெப்பநிலை −10 பாகையைத் தாண்டிக் கீழே போகப் போக உப்பின் வேகம் குன்றிவிடும். கண்ணாடிப் பனியில் ஏறிவிட்டீர்கள் என்று உணர்ந்தால் பிறேக்கைத் தொடாமல், கைபிடியைத் திருப்பாமல், மிதிப்பதை நிறுத்தி நேராக உருள விடுங்கள். திரும்ப வேண்டிய இடம் வந்தால் இறங்கி உருட்டிச் செல்வதே முறை.

என் வழியில் இதற்குப் பேர்போன இடம் டொன் பள்ளத்தாக்கைக் கடக்கும் பிரின்ஸ் எட்வேர்ட் பாலம். 1918-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நீளமும் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து 40 மீற்றர் உயரமும் உடையது. தரையோடு ஒட்டிய வீதிக்கு மண்ணின் சூடு சிறிதாவது கிடைக்கும். பாலத்துக்கோ மேலும் கீழும் குளிர்காற்றுத்தான், ஆகவே டான்போர்த் ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்திருக்கும். குறுக்கே அடிக்கும் காற்று வேறு. பாலத்தில் ஏறுமுன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குயின், கிங், டண்டாஸ், கொலிஜ் ஆகிய வீதிகளில் ஓடும் ட்ராம் வண்டிகளின் தண்டவாளங்களையும் மறந்துவிடக் கூடாது. ஈரமான இரும்பில் ஆணி ரயரும் பிடிக்காது. தண்டவாளத்தை முடிந்தவரை செங்கோணமாகக் கடக்க வேண்டும். இளம்பனி தண்டவாளத்தை மூடியிருக்கும் நாட்களில் அந்த வீதிகளைத் தவிர்த்து வேறு வழி எடுப்பதையே நான் விரும்புவேன்.

உடையைப் பொறுத்தவரை, வீட்டு வாசலில் நிற்கும்போது சற்றுக் குளிர வேண்டும். அப்படியானால்தான் பத்து நிமிடம் மிதித்த பின்னர் உடல் அளவாகச் சூடேறும். வாசலிலேயே இதமாக இருந்தால் பாதி வழியில் வியர்த்து, அந்த வியர்வை சிவப்பு விளக்கில் நிற்கும்போது உங்களை நடுங்க வைக்கும். பருத்தி ஈரத்தை விடாமல் வைத்திருக்கும் என்பதால் உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளி உடையை அணிந்து, அதன்மேல் காற்றை மறிக்கும் மெல்லிய ஜக்கற் ஒன்றைப் போட்டால் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். சப்பாத்து இறுக்கமாக இருக்கக் கூடாது. இரண்டு காலுறைகளைத் திணித்து இரத்த ஓட்டத்தைத் தடுத்தால் விரல்கள் முன்னதிலும் விரைவாக விறைக்கும். காற்றையும் சேர்த்துக் கணிக்கும் குளிர் −28 அல்லது அதற்குக் கீழே போனால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறையக்கூடும் என்று கனடாவின் வானிலைத் திணைக்களம் எச்சரிக்கிறது. அந்த நாட்களில் மூக்கும் கன்னமும் முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். பனிச்சறுக்குக் கண்ணாடி இருந்தால் கண்ணும் நீர் வடியாது.

டிசம்பர் நடுப்பகுதியில் மாலை 4.40 அளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. வேலை முடிந்து வருபவர் இருட்டில்தான் வருவார். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பிருந்து உதயத்துக்கு அரை மணி பின்வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பும் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம். குளிரில் பற்றரி விரைவில் இறங்கிவிடுவதால் விளக்கைக் கழற்றி உள்ளே கொண்டுபோவதும், மேலதிகமாக ஒரு சிறு விளக்கைப் பையில் வைத்திருப்பதும் நல்லது. பனிக்குவியல் வீதியைக் குறுக்கும் இடங்களில் ஓரத்தில் ஒடுங்கிப் போகாமல் தடத்தின் நடுவே துணிந்து ஓடுங்கள். சைக்கிளை முந்தும் வாகனம் இயன்றவரை ஒரு மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்பது 2015 முதல் இங்கு சட்டமாக உள்ளது.

உப்பு, சைக்கிளுக்குக் கொடிய பகை. வீடு வந்ததும் செயினைத் துணியால் துடைத்து, ஈரத்தைத் தாங்கும் எண்ணெயை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இடுங்கள். நீளமான மட்காட் பூட்டினால் உங்கள் உடை மட்டுமன்றிச் செயினும் தப்பும். விலையுயர்ந்த வண்டியைப் பனிக்காலத்தில் எடுக்கவே வேண்டாம்.

இவ்வளவையும் வாசித்து அறிந்துகொள்ளலாம் என்றாலும், எனக்கு இவற்றில் பாதியைக் கற்றுத்தந்தவர்கள் பாலத்தின் கிழக்கு முனையிலுள்ள பிரோட்வியூச் சந்தியின் சிவப்பு விளக்கில் என்னோடு நின்ற மனிதர்கள். கோடையில் அந்த விளக்கில் ஒரு கூட்டமே நிற்கும், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பெப்ரவரியில் மூன்று நான்கு பேர்தான் நிற்போம், முகம் முழுவதும் மூடியிருந்தாலும் விளக்கின் நிறத்தையும் தொப்பியையும் வைத்து ஒருவரையொருவர் அறிவோம். பாலத்துக்கு அப்பாலிருந்து வருபவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினால் பாலத்தில் கண்ணாடிப் பனி என்று பொருள். ஒருநாள் பூட்டு உறைந்து திறக்க முடியாமல் நின்றபோது, பெயர் தெரியாத ஒரு பெண்மணி தன் சைக்கிளை நிறுத்தி, என் திறப்பை லைற்றரால் சூடாக்கிப் பூட்டுக்குள் மெல்லச் செலுத்தித் திறந்து தந்தார். பூட்டின் துவாரம் எப்போதும் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

இந்தத் தோழமையை நீங்களாகவே தேடிக்கொள்ள வேண்டும். முதல் வாரத்தில், தினமும் அதே வழியில் போகும் ஒருவருக்குப் பின்னால் இரண்டு வண்டி நீளம் விட்டு ஓடினால் எந்தக் குழி எங்கே, எந்த வடிகால் எப்போது உறையும் என்பதெல்லாம் விளங்கிவிடும். சைக்கிள் தடத்தில் பனி அகற்றப்படாமல் கிடந்தால் 311 என்ற மாநகர எண்ணுக்கு அறிவியுங்கள், விளக்கில் சந்திப்பவர்களையும் அறிவிக்கச் சொல்லுங்கள். சைக்கிள் ரொறன்ரோ என்ற அமைப்பு கடுங்குளிரின் நடுவே நடத்திவந்துள்ள கூட்டுச் சவாரிக்குப் புதியவர்கள் தயங்காமல் போகலாம். கூட்டம் மெதுவாகவே ஓடும்.

முடியாத நாளில் ஓடாதிருப்பதும் இந்தப் பழக்கத்தின் ஒரு பகுதியே. மாநகரப் பேருந்துகளின் முன்புறத் தாங்கியில் இரண்டு சைக்கிள்களை ஏற்றலாம், ஆகவே காலையில் ஓடிப்போய் மாலையில் உறைமழை பிடித்தால் வண்டியோடு பேருந்தில் திரும்பலாம். சுரங்க ரயிலில் வேலைநாட்களின் நெரிசல் நேரத்தில் சைக்கிளுக்கு அனுமதியில்லை என்பதை நினைவில் வைத்திருங்கள்.

ஏப்ரலில் கடைசி உப்பை மழை கழுவியதும் ஆணி ரயர்களைக் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் கழுவி, வெயில் படாத இடத்தில் மாட்டிவிடுங்கள். செயின் பெரும்பாலும் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கும். இரண்டு பனிக்காலம் கண்ட என் பழைய முன்ரயரைச் சென்ற ஆண்டு, விளக்கில் புதிதாகச் சேர்ந்துகொண்ட ஒரு மாணவனுக்குக் கொடுத்தேன். ஆணிகளில் பெரும்பாலானவை இன்னும் இறுகியே இருந்தன.