இசை இதழுக்குச் சந்தா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசை, பண்பாட்டு இதழ்களுக்குச் சந்தா கட்டுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் தவறு, கணக்கை ஆண்டில் போடுவதாகும். ‘ஓராண்டுச் சந்தா’ என்று படித்ததுமே மாதம் தவறாமல் ஓர் இதழ் வந்து விழும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. பதிப்பாளர் விற்பதோ குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இதழ்களை. மாத இதழ் என்று பெயர் பெற்றவற்றிலேயே சில, ஆண்டுக்குப் பத்து அல்லது பதினோர் இதழ்கள்தான் வெளியிடுகின்றன. விடுமுறைக் காலத்தில் இரண்டு மாதங்களுக்குச் சேர்த்து ஒரே தடித்த இதழாகப் போட்டு, அதைச் சந்தாக் கணக்கில் இரண்டாகக் கழித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இதை ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அது அச்சாகியே இருக்கும். ஆகவே, சலுகை விலையைக் கண்டு மகிழ்வதற்கு முன், தபால் செலவையும் சேர்த்த மொத்தத் தொகையை உண்மையில் கைக்கு வரப்போகும் இதழ்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஓர் இதழுக்கு என்ன விழுகிறது என்று பார்த்துவிட வேண்டும். வேறொரு நாட்டிலிருந்து வரவேண்டிய இதழானால், தபால் செலவு இதழின் விலையையே எட்டிவிடுவதும் உண்டு.

எண்ணிக்கையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இத்துறையில் அது நிலையாக இருந்ததே இல்லை. 1967 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட ரோலிங் ஸ்டோன், பல பத்தாண்டுகள் இரு வாரங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்து, 2018இல் மாத இதழாயிற்று. 1952இல் பிரிட்டனில் பிறந்த என்.எம்.இ. (நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்) வார இதழாகவே புகழ்பெற்று, 2015இல் இலவச இதழாகி, 2018 மார்ச்சில் அச்சை நிறுத்திக்கொண்டு, 2023இல் இருமாத இதழாகத் திரும்பி வந்தது. 1969இல் டெட்ராய்ட்டில் தொடங்கி 1989இல் நின்றுபோன கிரீம், 2022இல் காலாண்டிதழாக மீண்டும் உயிர்பெற்றது. பெயர் அதேதான், ஆசிரியர் குழுவும், பக்க எண்ணிக்கையும், யாருக்காக எழுதப்படுகிறது என்பதும் மாறிவிட்டன.

இங்கேதான் இரண்டாவது தவறு நேர்கிறது. இளமையில் படித்த இதழின் நினைவுக்குச் சந்தா கட்டிவிட்டு, இன்றைய இதழ் வந்ததும் பலர் ஏமாந்துபோகிறார்கள். நீண்ட நேர்காணலும் இசைத்தொகுப்பு விமர்சனமும் நிறைந்திருந்த ஓர் இதழில் இப்போது அரசியலும் தொலைக்காட்சித் தொடரும் உடையலங்காரமும் பாதியை எடுத்துக்கொண்டிருக்கலாம். அது குறை என்றும் சொல்வதற்கில்லை, ரோலிங் ஸ்டோன் போன்றவை தொடக்கத்திலிருந்தே இசையோடு அரசியலையும் சேர்த்தே எழுதியவை. ஒவ்வோர் இதழுக்கும் ஒரு சாய்வு இருக்கிறது. 1993இல் தொடங்கிய மோஜோ, ராக் இசையின் பழைய வரலாற்றைத் தோண்டி எடுத்து எழுதுவதில் பேர்போனது. இந்த வாரம் எந்தப் பாப் பாடல் முன்னணியில் இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் அதற்குப் பணம் கட்டினால் மூன்றாம் மாதமே சலித்துவிடுவார். 1982இல் தொடங்கிய தி வயர், சோதனை முயற்சிகளையும் பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத கலைஞர்களையும் தேடிப்போகும் இதழ். 1894 முதல் வந்துகொண்டிருக்கும் பில்போர்டோ அடிப்படையில் தொழில்துறைக்கான இதழ். தரவரிசைப் பட்டியலும் வணிகச் செய்தியும் அதன் உயிர். சந்தா கட்டுவதற்கு முன் அண்மையில் வந்த இரண்டு, மூன்று இதழ்களை முழு விலை கொடுத்தே வாங்கிப் படித்துப் பார்ப்பது நல்லது. அட்டையையும் முதன்மைக் கட்டுரையையும் விட்டுவிட்டு, கடைசிப் பக்கங்களில் உள்ள சிறு விமர்சனங்களை நாம் படிக்கிறோமா, தாண்டிப் போகிறோமா என்று கவனித்தால் விடை தெரிந்துவிடும்.

ஒரே பெயரில் பல பதிப்புகள் இருப்பதை மறந்துவிடுவதும் அடிக்கடி நேர்கிறது. ரோலிங் ஸ்டோனுக்கு ஜெர்மனியில் 1994 முதலும், இத்தாலியில் 2003 முதலும், இந்தியாவில் 2008 முதலும், பிரிட்டனில் 2021 முதலும் தனிப் பதிப்புகள் உள்ளன. உரிமம் பெற்று அந்தந்த நாட்டில் நடத்தப்படும் இவை ஒன்றின் நகல் மற்றொன்று என்று இருப்பதில்லை; கட்டுரைகள், வெளிவரும் இடைவெளி, சில இடங்களில் மொழியே வேறு. மலிவாகக் கிடைக்கிறதே என்று இடைத்தரகர் தளம் ஒன்றில் பணம் கட்டிவிட்டு, எந்தப் பதிப்பு என்ற ஒரு வரியைப் படிக்காமல் விட்டவருக்கு ஜெர்மன் மொழி இதழ் வந்து சேர்ந்தால், அதைத் திருப்பி அனுப்பும் செலவு மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகிவிடும்.

அச்சு இதழா, மின்னிதழா என்ற கேள்வியை வெறும் வசதி சார்ந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மோஜோ, அன்கட் போன்ற பிரிட்டிஷ் இதழ்கள் அட்டையோடு இசைக் குறுந்தகடு இணைத்துத் தருவதில் பேர் பெற்றவை. மின்னிதழ் வாங்குகிறவருக்கு அந்தக் குறுந்தகடு கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அச்சுச் சந்தாவோடு இணையத்தில் உள்ள கட்டுரைகளும் திறந்துவிடப்படும் என்று சிலர் நினைக்கிறார்கள். பல இதழ்கள் இவ்விரண்டையும் தனித்தனியாகவே விற்கின்றன. பழைய இதழ்களின் தொகுப்பு இன்னொரு கணக்கு. சில இதழ்கள் முதல் இதழிலிருந்து எல்லாவற்றையும் சந்தாதாரருக்குத் திறந்துவிடும், சிலவற்றுக்கு அப்படியொரு தொகுப்பே இல்லை. ஒரே கட்டணத்தில் நூற்றுக்கணக்கான இதழ்களைப் படிக்கவிடும் செயலிகளில், கட்டணம் நின்றவுடன் படிக்கும் உரிமையும் நின்றுவிடும். ஐந்து ஆண்டுகள் பணம் கட்டியிருந்தாலும் அலமாரியில் ஓர் இதழ்கூட மிஞ்சாது. பாதுகாத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அச்சு இதழே பொருந்தும் என்பது என் கருத்து.

பெரிய கலைஞர் ஒருவர் மறைந்ததும் கடைகளில் தென்படும் சிறப்பு மலர்கள் பெரும்பாலும் சந்தாவில் சேராதவை. பெயர்ப்பலகை அதே இதழுடையதாக இருப்பதால், தனக்கு மட்டும் வரவில்லை என்று சந்தாதாரர் கோபப்படுவது இயல்பு. ஆனால் அது தனியாக விலை வைத்து விற்கப்படும் வெளியீடு.

இலவசப் பொருளுக்காகச் சந்தா கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரோலிங் ஸ்டோன் தன் தொடக்க நாள்களில், கஞ்சாச் சுருட்டின் கடைசித் துண்டை விரல் சுடாமல் பிடித்துக்கொள்ள உதவும் ஒரு சிறு கிடுக்கியைப் புதிய சந்தாதாரர்களுக்கு இலவசமாகத் தருவதாக விளம்பரம் செய்தது. அந்தக் காலத்துக்கு அது பொருத்தமாகவே இருந்திருக்கும். இன்று தரப்படும் தோள்பைக்கும் சட்டைக்கும் பதிப்பாளர் செலவிடுவது, அடுத்த ஆண்டு முழுக் கட்டணத்தில் நம்மிடமிருந்து திரும்பிவிடும் என்ற நம்பிக்கையில்தான்.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை, சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும் ஏற்பாடு. தவறுகளிலேயே அதிகப் பணம் கரைவது இதில்தான். கடன் அட்டை எண்ணைக் கொடுத்து அறிமுகச் சலுகையை ஏற்றுக்கொள்ளும்போது, ‘நிறுத்தச் சொல்லும்வரை தொடரும்’ என்ற நிபந்தனைக்கும் சேர்த்தே சம்மதம் தருகிறோம். அறிமுக விலை முதல் தவணைக்கு மட்டும் உரியது. அது முடிந்ததும் பிடிக்கப்படும் தொகை இரு மடங்கு, மும்மடங்காக இருக்கக்கூடும். எனவே பணம் கட்டும் பக்கத்திலேயே, சலுகைக் காலம் முடிந்தபின் எவ்வளவு, எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை என்ற இரண்டையும் தேடிப் படித்து, அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே நாட்காட்டியில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்வது நல்லது. நிறுத்த வேண்டும் என்று தோன்றினால், எந்த வழியாகச் சந்தா கட்டினோமோ அந்த வழியாகத்தான் நிறுத்த முடியும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கைப்பேசியின் செயலிக் கடை வழியாகக் கட்டியவர், செயலியை அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிட்டது என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. செயலி போனாலும் கட்டணம் மாதந்தோறும் போய்க்கொண்டேயிருக்கும், செயலிக் கடையின் கணக்குப் பகுதியில் சந்தாப் பட்டியலுக்குள் சென்று நிறுத்தினால்தான் அது நிற்கும். இடைத்தரகர் தளத்தில் வாங்கியதை இதழின் அலுவலகத்திடம் சொன்னாலும் இதே கதைதான், அவர்களுடைய ஏட்டில் நம் அட்டை எண்ணே இருக்காது.

சட்டம் சில இடங்களில் துணை நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும், இணையம் அல்லது தொலைபேசி வழியாகக் கட்டிய அச்சு இதழ்ச் சந்தாவிலிருந்து 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ள முடியும். தனி இதழாக வாங்கியதற்கு இந்த உரிமை இல்லை, சந்தாவுக்கு உண்டு. கலிபோர்னியாவில் 2010 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், தானாகப் புதுப்பிக்கும் நிபந்தனையைத் தெளிவாகக் கண்ணில் படும்படி சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. எந்த உரிமையானாலும் நிறுத்தக் கேட்ட தேதிக்கு எழுத்தில் சான்று இருந்தால்தான் பயன்படும் என்பதால், உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதங்களிலும் எச்சரிக்கை தேவை. ‘கடைசி அறிவிப்பு’ என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் உறை வந்ததும் பதறிப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். சந்தா முடிய இன்னும் ஆறு, ஏழு இதழ்கள் பாக்கி இருக்கும். இதழோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிறுவனங்கள், இதழின் பெயரைப் போட்டு, வழக்கமான கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கேட்டுப் பில் போன்ற தோற்றத்தில் கடிதம் அனுப்பும் மோசடியும் அமெரிக்காவில் வழக்குவரை போயிருக்கிறது. உண்மையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கடைசியாக வந்த இதழின் உறையிலோ அட்டையிலோ ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயருக்கு மேலே எண்களும் எழுத்துகளும் கலந்த ஒரு வரி ஓடும். அதில் ஒரு பகுதி உங்கள் சந்தா எண், பல இதழ்களில் அதன் ஓரத்தில் சந்தா முடியும் மாதமும் ஆண்டும் சுருக்கமாக அச்சாகியிருக்கும். கடிதத்தில் உள்ள சந்தா எண் இதோடு பொருந்தவில்லை என்றாலோ, பணம் அனுப்பச் சொல்லும் முகவரி இதழின் உள்ளே ஆசிரியர் குழுவின் பெயர்கள் வரும் பக்கத்தில் உள்ள சந்தா முகவரியோடு ஒத்துப்போகவில்லை என்றாலோ கடிதத்தைக் கிழித்துப் போடலாம்.

முதல் இதழ் வரத் தாமதமாகும் என்பது தெரியாமல் பத்தாம் நாளே புகார் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். முகவரிப் பட்டியல் அச்சகத்துக்குப் போன பிறகு சேர்ந்த பெயர் அடுத்த இதழுக்குத்தான் போகும் என்பதால், ஆறு முதல் எட்டு வாரம் ஆவது வழக்கம். வீடு மாறுகிறவர்களும் அதே அளவு முன்கூட்டியே புது முகவரியைச் சொல்லிவிட வேண்டும். தபால் துறை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது போதாது. அமெரிக்காவில் கடிதங்களைப் புது முகவரிக்கு ஓராண்டு வரை திருப்பி அனுப்பும் தபால் துறை, இதழ்களுக்கு அந்த வசதியை 60 நாள்களோடு நிறுத்திவிடுகிறது.

கடைசியாக, நீண்ட காலச் சந்தா. மூன்று ஆண்டுக்குக் கட்டினால் ஓர் இதழின் விலை வெகுவாகக் குறையும் என்பது உண்மை, ஆனால் இசை இதழ்கள் திடீரென்று மூடப்படும் இனம். 1926இல் தொடங்கிய மெலடி மேக்கர் 2000இல் என்.எம்.இ.யோடு இணைக்கப்பட்டது, ஸ்பின் 2012இல் அச்சை நிறுத்தியது, 1986 முதல் வந்த கியூ 2020இல் மூடப்பட்டது. அப்படி மூடப்படும்போது மீதிப் பணம் தானாக வந்து சேரும் என்று எதிர்பார்க்கக் கூடாது, மீதி இதழ்களுக்கு ஈடாகத் தம்முடைய வேறோர் இதழை அனுப்பிவைக்கும் பதிப்பாளர்கள் உண்டு. விலை குறைவு என்று நானும் ஒருமுறை இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டி, ஏழாவது மாதத்தில் இதழ் நின்றுபோனது. அடுத்த மாதம் உறையைப் பிரித்தால், உள்ளே வயிற்றுத் தசையைக் காட்டிக்கொண்டு ஓர் ஆண் நிற்கும் அட்டையோடு உடற்பயிற்சி இதழ். பணமாகத் திருப்பித் தாருங்கள் என்று சந்தா எண்ணையும் கட்டிய ரசீதையும் இணைத்து எழுதிக் கேட்ட பிறகுதான் மீதித் தொகை வந்தது. அதற்குள் இன்னும் இரண்டு உடற்பயிற்சி இதழ்கள் வீட்டுக்கு வந்துவிட்டன.