‘மரபணு மாற்றம்’ என்று ரிப்போர்ட் வந்ததும் நாம் செய்கிற தவறுகள்

காரைக்குடியில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஊரார் மருத்துவ ரிப்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு என் திண்ணைக்கு வருவது வழக்கம். சென்ற மாதம் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே அவருடைய அண்ணனின் நுரையீரல் பயாப்ஸி முடிவு. ‘ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் உள்ளது’ என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, “மரபணு என்றால் பரம்பரைதானே தம்பி? அண்ணன் பேத்திக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம். யாருக்கும் தெரிய வேண்டாமென்று மூடி வைத்திருக்கிறோம்” என்றார்.

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். ‘மரபு’ என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. நுரையீரல் புற்றில் காணப்படும் இந்த மாற்றம், அநேகமாக எப்போதுமே, பிறந்து வளர்ந்த பிறகு நுரையீரலின் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்தது. அந்தச் செல்லிலிருந்து பெருகிய கட்டியோடு அது சரி, பேத்திக்குப் போகாது. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ரெட் என்ற ஏற்பியில் (ஏற்பி என்றால் செல்லின் மேலே நின்று சேதி வாங்கும் புரதம்) பிறவியிலேயே மாற்றம் இருந்தால், ஒருவகைத் தைராய்டு புற்று குடும்பத்தில் தொடரும். அங்கே உறவினர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். எந்த வகை என்று டாக்டரிடம் கேட்காமல் மூடி வைப்பதுதான் வம்பு.

ஈ.ஜி.எஃப்.ஆரும் ஓர் ஏற்பிதான். ஏற்பி என்ன செய்கிறது என்பதற்கு நம் வீடுகளே போதும். முகப்பில் விருந்தாளி வந்து குரல் கொடுத்தால், சேதி வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி அடுப்படிக்குப் போகும், உலை ஏறும். ஏற்பியின் தலை செல்லுக்கு வெளியே, வால் உள்ளே. வளரச் சொல்லும் புரதமான வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேரும். உள்ளே இருக்கும் டைரோசின் கைனேஸ் என்ற நொதிப் பகுதி விழித்துக்கொண்டு, ‘பெருகு’ என்ற சேதியை ராஸ் போன்ற புரதங்கள் வழியாக உட்கருவுக்கு அனுப்பும். வேலை முடிந்ததும் அடங்கிவிடும்.

1,210 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி இந்த ஏற்பி. அதில் 858ஆம் இடத்தில் லூசின் இருக்க வேண்டும். அங்கே ஆர்ஜினின் வந்து உட்கார்ந்தால் போதும், கைனேஸ் அடங்காது. வாசலில் ஆளே இல்லை. அடுப்படியில் உலை மேல் உலை ஏறிக்கொண்டிருக்கிறது.

இது புரிந்தால் அடுத்த தவறு தானே விலகும். ‘வளர்ச்சி’ என்ற சொல்லுக்குப் பயந்து, நோயாளிக்குப் பால், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்துகிறார்கள். விருந்தாளியே வராத வீட்டில் வாசலை அடைத்து என்ன பயன்? உடம்பு இளைக்கும், கட்டி இளைக்காது.

ஆச்சியின் பையில் இன்னொரு தாளும் இருந்தது. இரத்தப் பரிசோதனை, அதிலும் ‘ஈ.ஜி.எஃப்.ஆர்.’, பக்கத்தில் ஓர் எண். எண் நன்றாக இருப்பதால் புற்று குறைந்துவிட்டது என்று வீட்டில் மகிழ்ந்திருக்கிறார்கள். அது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதற்கான மதிப்பீடு. பெயர்தான் ஒன்று, உறவு கிடையாது. (இப்படிப் பெயர் வைத்தவர்களைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.)

மார்பகப் புற்றில் வரும் ‘ஹெர்2 பாசிட்டிவ்’ வேறு கதை. அங்கே பெரும்பாலும் ஏற்பி பழுதில்லை. அதன் மரபணு அளவுக்கு மீறிப் பல பிரதிகளாகிவிடுகிறது. ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவர் கேட்டு வாங்கிச் சாப்பிடக்கூடாது என்பது இதனால்தான். பீடி, சிகரெட் தொடாதவருக்கு நுரையீரல் புற்று வராது என்று இருமலைத் தள்ளிப்போடுவதும் தவறு; ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் புகைக்காதவர்களிடம்தான் அதிகம்.

ஜெஃபிட்டினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் ஈ.ஜி.எஃப்.ஆரின் கைனேஸில் போய் அடைத்துக்கொள்கின்றன. தோலுக்கும் இதே ஏற்பி தேவை என்பதால், சில நாட்களில் முகத்திலும் மார்பிலும் பரு போலப் பொரியும். அம்மை என்று நினைத்து, மாத்திரையை நிறுத்தி, வேப்பிலை கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்து நன்றாகக் கேட்டு, பல மாதம் கழித்துக் கட்டி மறுபடி வளர்வதும் உண்டு. அப்போது பழைய பயாப்ஸியையே நம்பக்கூடாது. ஜெஃபிட்டினிப் எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 790ஆம் இடத்தில் புது மாற்றம் வந்திருக்கும். அதற்கு ஓசிமெர்டினிப் இருக்கிறது.

போன வாரம் ஆச்சி போனில் கூப்பிட்டார். அண்ணனுக்கு மூக்கைச் சுற்றிப் பொரிந்திருக்கிறதாம். “வேப்பிலை கட்டவில்லை தம்பி, மாத்திரையும் நிறுத்தவில்லை. டாக்டரிடம் காட்ட மதுரை பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம்” என்றார்.